கழுத்து யாருக்கு? தொடை யாருக்கு?

"பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போகிறது?"

இந்தக் கேள்வி எழாத இல்லம் உண்டா இந்நாட்டில்? மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தால் இக்கேள்வி. மருமகள் வரவு செலவுக் கணக்கிலே ஐயம் கேட்டால் இக்கேள்வி. கூட்டத்திலே பெண்ணொருத்தி எழுந்து மாற்றுக் கருத்து உரைத்தால், வாய்விட்டுச் சொல்லாவிடினும் கடைக்கண் நகைப்பிலே தொக்கி நிற்பதும் இக்கேள்விதான். கேட்டவர் வெற்றிக் களிப்புடன் மீசையைத் தடவுகிறார். கேட்கப்பட்டவள் தலை கவிழ்கிறாள். முடிந்தது வழக்கு! சாட்சி இல்லை, சான்று இல்லை, வாதம் இல்லை. பழமொழி ஒன்றே தீர்ப்பு!

நாம் பள்ளி ஆசிரியை. எதற்கும் சான்று கேள் என்று நாள்தோறும் பிள்ளைகளிடம் சொல்லும் பணி நம்முடையது. கோழியின் பேரால் வழங்கப்பட்ட தீர்ப்பாதலின், கோழியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். கேட்டோம். கோழி தந்த விடைகளைத்தான், தோழர்களே, உங்கள்முன் வைக்கிறோம்.

நாம் வாழும் ஊர் காலடிப்பேட்டை. 'காலடி' என்றதும் எந்தக் கடவுளின் காலடியோ என்று கைகூப்பத் தோன்றும் சிலருக்கு. அப்படியொன்றும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட் என்னும் ஆங்கிலேயர். கும்பெனி வணிகத்திற்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளர் வேண்டும் என்று அவர் காலத்தில் திருவொற்றியூரையொட்டிக் குடியமர்த்தப்பட்ட நெசவாளர் ஊர் இது. காலெட் பேட்டை நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பெயரை ஆராய்ந்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடுகிறது அல்லவா? பெயருக்குச் செய்ததைப் பழமொழிக்கும் செய்து பார்ப்போம் என்பதே நம் எண்ணம்.

மாசித் திருவிழா. திருவொற்றியூர்த் தேரடியிலே கூட்டம். பொரிகடலை, பலூன், வளையல் கடைகளுக்கு நடுவே மிதிவண்டியின் பின்னே கூடை கட்டி ஒருவர் நின்றிருந்தார். கூடைக்குள்ளே பச்சை, நீலம், சிவப்பு, ஊதா என்று பல வண்ணங்களில் கோழிக்குஞ்சுகள்! சுற்றிலும் நம் மாணவச் செல்வங்கள்.

"டீச்சர்! பச்சைக் கோழி பச்சை முட்டை போடுமா?" கேட்டாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

நல்ல கேள்வி. 'வண்ணம் சாயம், சாயம் இறகோடு போய்விடும்' என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கண்ணால் கண்டு தெளிவது வேறு, காதால் கேட்டு நம்புவது வேறு. ஆறு குஞ்சுகள் வாங்கினோம். ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆகும் விலைதான் ஒவ்வொன்றும். வீட்டிலே அட்டைப்பெட்டி, அடியிலே உமி, மேலே ஒரு குண்டு பல்பு. 'குஞ்சுக் குறிப்பேடு' ஒன்று தொடங்கி, மாணவியர் முறைவைத்து வந்து எழுதலாயினர்.

முட்டையிலிருந்து வெளிவர இருபத்தொரு நாள் எடுக்கும் கோழிக்குஞ்சுக்கு, வெளிவந்தபின் முதல் கிழமையில் ஏறக்குறைய 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். தாயின் சிறகு தரும் வெப்பம் அது. பின்னர் கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளே வெப்பமானி! பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். சுவரோரம் ஒதுங்கி வாய்திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி என்று பொருள். பரவலாக நின்று இரை கொத்தினால் எல்லாம் நலம். சாயத்தில் நனைக்கப்பட்டு, வெயிலிலும் பனியிலும் கூடையில் குலுங்கி, இரையும் நீரும் இன்றி வருகின்ற குஞ்சுக்கு இந்த வெப்பம் எங்கே கிடைக்கும்? வந்தபோதே துவண்டிருந்த இரண்டு, மூன்றாம் நாளுக்குள் மாண்டன.

"கண்ணேறும்மா! அஞ்சு தெருப் பிள்ளைங்க வந்து பார்த்தா பொறுக்குமா? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டு" என்றார் அடுத்த வீட்டு அம்மையார். எஞ்சிய நான்கையும் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றோம். இராணிக்கேத்து நோய்க்குத் தடுப்பு மருந்து, கண்ணுக்கு ஒரு சொட்டு. வட நாட்டு மலையூர் ஒன்றின் பெயரால் வழங்கும் இந்நோய், புகுந்தால் கூண்டோடு காலி செய்யும். முன்னாளில் 'ஆத்தாளின் சினம்' என்று ஊரே அஞ்சி நடுங்கியது. அது கிருமியின் வேலை என்று கண்டார்கள் அறிஞர்கள். இன்று அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. எலுமிச்சம்பழம் கண்ணேற்றுக்கு ஆகாது, சோற்றுக்கு ஆகும். நான்கும் பிழைத்தன. சாயம் உதிர்ந்தது. நான்கும் வெள்ளை. நான்கும் சேவல்!

"எப்படி டீச்சர் நாலும் சேவலாகவே இருக்கிறது?"

இந்தக் கேள்விக்குக் குறிப்பேட்டில் விடை எழுதும்போது எழுதியவளின் கை நின்றுவிட்டது. முட்டைக்கென வளர்க்கப்படும் கோழியினம் வேறு; இறைச்சிக்கென வளர்க்கப்படும் இனம் வேறு. முட்டை இனத்திலே பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையிடாது. இறைச்சியும் விரைந்து வைக்காது. இறைச்சிக் கோழி ஆறு கிழமைக்குள் இரண்டு கிலோ எட்டுகிறது. இதுவோ ஐந்து திங்கள் தின்றாலும் அந்த எடை தேறுவது அரிது. ஆகவே பொரிப்பகத்திலே, பிறந்த அன்றே, ஆண் எது பெண் எது என்று பிரிக்கிறார்கள். பெட்டை பண்ணைக்கு. சேவல் சாவுக்கு. சாவுக்குத் தப்பியவற்றில் ஒரு பகுதிதான் சாயக் குளியல் பெற்றுத் தெருவுக்கு வருகிறது, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக. செருமனி நாடு 2022 சனவரி முதல் இக்கொலையைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே பாலினம் காணும் கருவிகள் வந்துவிட்டன. இங்கே இன்னும் வண்ணக் கூடைதான்.

பயன் தராது என்று கணக்கிட்டு, பிறந்த அன்றே ஆணை அழிக்கிறது கோழிப் பண்ணை. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, பெண் என்றால் செலவு என்று கணக்கிட்டு, பிறந்த குழந்தையின் வாயில் கள்ளிப்பால் ஊற்றிய நாடு எது? 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது எதனால்? கருவிலேயே பாலினம் காண்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வேண்டியிருந்தது எதனால்? பண்ணையாளன் கணக்குப் பார்த்தான், பழமொழி பேசவில்லை. நாமோ கணக்கும் பார்த்தோம், அதை மறைக்கப் பழமொழியும் பேசினோம்!

*

சேவல்கள் கூவத் தொடங்கின. தெருவே விழித்தது. ஆண் கூவுகிறான், பொழுது விடிகிறது. ஆகவே ஆண் கூவித்தான் பொழுது விடிகிறது! அழகிய வாதம். நம் வீட்டுச் சேவலைக் கூடைபோட்டுக் கவிழ்த்துத் துணிபோட்டு மூடி வைத்தோம் ஒரு நாள். இருட்டுக்குள்ளிருந்தே கூவியது, விடியலுக்கு வெகு முன்பே! வெளிச்சம் கண்டு மட்டும் கூவுவதன்று சேவல். அதன் உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார், மாறாத மங்கிய ஒளியில் சேவல்களை வைத்து இதனை மெய்ப்பித்தனர். விடியலை எதிர்பார்த்துக் கூவுகிறதே தவிர, விடியலைக் கொண்டுவருவதில்லை. பொழுது விடிவது பூமி சுழல்வதால். ஊரிலுள்ள சேவலெல்லாம் குழம்புச் சட்டிக்குப் போனாலும் மறுநாள் கிழக்கு வெளுக்கத்தான் செய்யும்!

அதுமட்டுமா? பெட்டை கூவவே கூவாது என்பதும் பொய். கோழிக்கு இடப்புறத்துச் சூலகம் ஒன்றே வேலை செய்யும். வலப்புறத்து உறுப்பு வளராமல் கிடக்கும். நோயினால் இடப்புறம் கெட்டால், வலப்புறம் விழித்து ஆண் நீரைச் சுரப்பதுண்டு. அப்போது பெட்டைக்குக் கொண்டை தடிக்கும், இறகு மாறும், கூவவும் கூவும்! இதைத் தீக்குறி என்று சொல்லி அதன் கழுத்தைத் திருகுவது நம் ஊர் வழக்கம். நம்மை விஞ்சியவர்களும் உண்டு. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலே, முட்டையிட்டது என்று ஒரு சேவல்மீது குற்றம் சாட்டி, வழக்கு நடத்தி, தீர்ப்பு வழங்கி, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். அந்த நாட்டார் அந்த மடமையை விட்டு வெளியேறினார்கள், ஆய்வுக்கூடம் கட்டினார்கள். நாம் பழமொழியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஆக, முதல் விடை கிடைத்துவிட்டது. சேவல் கூவினாலும் விடிவதில்லை, பெட்டை கூவினாலும் விடிவதில்லை. கூவாவிட்டாலும் விடியாமல் இருப்பதில்லை. பழமொழியின் இரு காலும் முறிந்தன.

*

ஆடி பிறந்தது. நான்கு சேவல்களில் பெரியதன்மேல் நம் ஆயாவின் கண். பங்குனியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது, "ஆத்தா! கொழந்தைய எழுப்பி உடு, ஒரு சாவல் தரேன்" என்று வேண்டிக்கொண்டாராம். மருத்துவர் கொடுத்த மாத்திரையால் தம்பி எழுந்தான். ஆனால் கடன் மட்டும் ஆத்தாள் பேரில்!

உயிர்ப்பலியைத் தடுக்க இங்கே 1950இலேயே சட்டம் இயற்றினார்கள். ஏட்டிலே உறங்கிய அச்சட்டத்தை 2003இல் தட்டி எழுப்பினார்கள். ஊர்தோறும் எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அரிவாளைச் சட்டம் பிடுங்கலாம். அச்சத்தைப் பிடுங்குவது அறிவின் வேலை. ஆகவே ஆயாவிடம் நாம் அதட்டவில்லை, கேட்டோம்.

"ஆயா, ஆத்தாளுக்கு அறுத்த சேவலை யார் தின்பது?"

"நாமதான். ஆத்தாளா எறங்கி வந்து துன்னப் போறா?"

"தொடை யாருக்கு?"

"இது என்ன கேள்வி? உங்க அப்பனுக்கு ஒண்ணு. தம்பிக்கு ஒண்ணு."

"உங்களுக்கு?"

ஆயா சிரித்தார். அந்தச் சிரிப்பிலே நூறாண்டு ஆதிக்கம் ஒளிந்திருந்தது.

தோழர்களே, உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியை நினைத்துப் பாருங்கள். கோழிக்கு இரண்டே தொடை. அவை செல்லும் இலை எது என்பதைச் சட்டி அடுப்பேறும் முன்பே தீர்மானித்துவிட்டது வழக்கம். ஈரல் ஆண் குழந்தைக்கு. நெஞ்சுத் துண்டு விருந்தினருக்கு. இறக்கை மகளுக்கு. எல்லாரும் உண்டு எழுந்தபின், அடுப்பங்கரையிலே தனியே அமர்ந்து, கழுத்தையும் முதுகெலும்பையும் உறிஞ்சுகிறவள் யார்? சமைத்தவள்! "எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்" என்பாள் அவள். பிள்ளைகள் நம்புவர். கணவர் நம்புவார். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிடுவாள். அடிமைக்கு விலங்கு பிடித்துப்போவது என்பது இதுதான்.

இது நாவின் சுவை பற்றிய சிறு சண்டை என்று எண்ணிவிட வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். இரும்புச்சத்து நிறைந்த ஈரல் எவர் இலைக்குப் போகிறது, குருதி இழக்கும் உடல் எவருடையது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நோய்க்கு ஒரு காரணம் மட்டும் இல்லைதான். ஆயினும் அக்காரணங்களில் ஒன்று நம் வீட்டுக் கரண்டியின் கையிலே இருக்கிறது.

குழம்பிலே துண்டுகள் மறைந்துவிடுகின்றன. எது எவருக்குப் போயிற்று என்பது மசாலாவுக்குள் மூழ்கிவிடுகிறது. ஆகவே இம்முறை குழம்பு வேண்டாம். முழுக்கோழியாகவே சுட்டு, எல்லார் கண்முன்னும் வைத்து, எல்லார் கண்முன்னும் பங்கிடுவது என்று தீர்மானித்தோம்.

வளர்த்ததை உண்பதா என்று வருந்தினாள் குறிப்பேடு எழுதிய சிறுமி. "உனக்கு மனம் ஒப்பாவிடில் நீ உண்ண வேண்டா, அது உன் உரிமை. உண்பவரை இழிந்தவர் என்று மட்டும் எண்ணாதே" என்றோம். வள்ளுவர் புலால் மறுத்தார். தம் கருத்தாக, அருளின் பேரால் மறுத்தார். இன்றோ 'சைவர்களுக்கு மட்டும்' என்று வாடகை வீட்டு வாசலில் பலகை தொங்குகிறதே, அது அருளா? நாமே இரண்டு வீடுகளில் அந்தப் பலகையைக் கண்டு திரும்பியவர்கள். கோழிமேல் இரக்கம் கொண்டவர் மனிதருக்குக் கதவைச் சாத்துவாரா? அங்கே மறுக்கப்படுவது புலால் அன்று, பிறப்பு.

அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், செய்து பார்க்க விரும்புவோர்க்கு உதவும். கறிக்கடைத் தோழர் சேவலை அறுத்து, இறகு நீக்கித் தோலோடு கொடுத்தார். தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு (கண்ணேற்றுக்கு வாங்கச் சொன்ன அதே எலுமிச்சை!) எல்லாம் கலந்து, தொடையிலும் நெஞ்சிலும் கீறிய இடங்களில் தடவி, ஓர் இரவு ஊறவைத்தோம். இரு கால்களையும் நூலால் சேர்த்துக் கட்டினான் தம்பி. மின்னடுப்பு ஏதும் இல்லை நம் வீட்டில். பிரியாணிக்கு 'தம்' போடும் கனத்த தேக்சா உண்டு. அடியிலே கல்லுப்பு பரப்பி, அதன்மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் சேவலை வைத்து மூடினோம். கீழே சிறு தீ, மூடியின் மேலே தணல். ஐந்து திங்கள் ஓடியாடிய சேவலின் சதை இறுகியிருக்கும். கடைக் கோழியைப்போல் விரைந்து வேகாது. ஆகவே முதலில் அரைமணி நேரம் சிறிது நீர் விட்ட வேறு சட்டியில் ஆவியில் வேகவைத்து, பிறகே தேக்சாவில் ஏற்றினோம். தொடை எலும்பின் ஓரத்தில் குத்தினால் வடியும் நீர் சிவப்பின்றித் தெளிந்திருக்க வேண்டும். உள்ளே 74 பாகை வெப்பம் ஏறினால் கிருமிகள் மாயும். தீயை விட்டு இறக்கியபின் கால்மணி நேரம் தொடாமல் விட்டால்தான் சாறு சதையிலே தங்கும்.

தெருவே மணந்தது. அடுத்த வீட்டு அம்மையாரும் எட்டிப் பார்த்தார், கண்ணேறு ஏதும் இன்றி!

கூடத்தில் பாய் விரித்தோம். ஐவரும் வட்டமாக அமர்ந்தோம். அப்பா, அம்மா, ஆயா, தம்பி, நாம். 'முதலில் ஆண்கள், பிறகு பெண்கள்' என்ற பந்தி முறை அன்று நம் வீட்டில் இல்லை. நடுவிலே தட்டு, தட்டிலே பொன்னிறத்தில் முழுச் சேவல். கத்தியைத் தம்பியிடம் கொடுத்தோம். அறுக்கிறவன் எடுக்கிறவனாகக் கூடாது. பங்கிடுபவன் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு தொடையை ஆயாவின் இலையில் வைத்தான். மற்றொன்றை அம்மாவின் இலையில் வைத்தான்.

"எனக்கு எதுக்குடா? எனக்குக் கழுத்துதான் புடிக்கும்" என்று அம்மா தொடையை எடுத்து அப்பாவின் இலைக்கு மாற்றக் கை நீட்டினார்.

அப்பா ஆலையிலே முப்பதாண்டு உழைத்தவர். கூலியில் பங்கு கேட்டுக் கொடி பிடித்தவர். அந்தக் கையைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, "இன்னிக்குக் கழுத்தை நான் பார்க்கிறேன்" என்று எடுத்துக்கொண்டார். கடித்தார். எலும்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்த முகம் நமக்குத் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை அவர்.

பேசியவர் ஆயா. பல் இல்லாத வாயால் மென்று மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எம்பது வயசாவுது. எத்தினி கோழி அறுத்திருப்பேன், எத்தினி கொழம்பு வெச்சிருப்பேன்! தொடைக்கறி இன்னான்னு இப்பத்தாம்மா தெரியுது."

எண்பதாண்டுகள்! இந்த ஒரு வாக்கியத்திற்கு எந்தச் சாத்திரத்தில் விடை இருக்கிறது?

*

நாம் பணியாற்றும் பள்ளியிலே நாள்தோறும் நண்பகலில் ஒரு காட்சி காண்கிறோம். பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர். ஆளுக்கொரு முட்டை. மீனவர் மகனுக்கும் ஒன்று, துப்புரவுத் தொழிலாளி மகளுக்கும் ஒன்று. சிறுவனுக்கு மஞ்சள் கரு, சிறுமிக்கு ஓடு என்று எவரும் பிரிப்பதில்லை! 1920இல் நீதிக்கட்சியின் ஆளுகையில் இருந்த சென்னை மாநகராட்சி பள்ளியில் சோறிட்டது, 1956இல் காமராசர் அதை நாடெங்கும் விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது, 2010 முதல் கிழமைக்கு ஐந்து முட்டை. எத்தனை பேர் கைமாறி வளர்ந்த சமநீதி அது! அரசு முட்டையிலே சமம் காட்டிவிட்டது. வீடுதான் கோழியிலே வேற்றுமை காட்டிக்கொண்டிருக்கிறது.

சொத்திலே பெண்ணுக்குச் சமபங்கு வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபதாண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005இல் இந்திய நாடே பின்தொடர்ந்தது. நிலத்தில் பங்கு உண்டு, மனையில் பங்கு உண்டு என்று சட்டம் சொல்லியும், சட்டியில் பங்கு இல்லை என்று சொல்கிறதே வழக்கம்! இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டுமா? மாநாடு வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை நண்பகல் ஒன்று போதாதா?

மேடையிலே பெண்ணுரிமை முழங்கும் இளைஞர்களே! உங்கள் முழக்கத்தை ஐயுறவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம்: சென்ற கிழமை உங்கள் இல்லத்தில் கோழி சமைத்தார்களே, உங்கள் அன்னையார் எத்துண்டை உண்டார்? தெரியாதெனில், அதுவே விடை. அடுத்த முறை அவரோடு அமருங்கள். அவருக்கு முன் எழாதீர்கள். கரண்டியை நீங்கள் பிடியுங்கள். 'எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்' என்பாரானால், நம்பாதீர்கள். பகுத்தறிவாளர் எதையும் சான்றின்றி நம்பக்கூடாதல்லவா? கழுத்தையும் தொடையையும் அவர் முன் வைத்து, உண்டு பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வண்ணக் குஞ்சு விற்கும் கூடை உங்கள் தெருவுக்கு வந்தால், பிள்ளையின் ஒருநாள் விளையாட்டுக்காக வாங்காதீர்கள். வளர்க்க இடமும் வெப்பமும் மருந்தும் தரமுடியுமானால் மட்டும் வாங்குங்கள்.

"பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போகிறது?" என்று இனி எவராவது கேட்டால், விடை இருக்கிறது நம்மிடம். "சேவல் கூவியும் விடிவதில்லை, ஐயா! பூமி சுழல்கிறது, விடிகிறது. விடிந்தபின் கண் திறப்பதும் திறவாததும்தான் நம் பொறுப்பு!"